அக்கா குறித்து வைத்த ஒன்பது நாள்

"சும்மாதான் இருந்துச்சுங்க, தானா செத்துப்போச்சு" என்று யாராவது கைபேசியை நீட்டினால் அந்த அக்கா அதைக் கையில் வாங்கவே மாட்டார். மூக்கு நுனியில் நிற்கும் கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்ப்பார்.

"தானா சாகுறதுக்கு அது என்ன வயசான மாடா? தண்ணியில போட்டியா, தரையில போட்டியா, புள்ள கையில குடுத்தியா? அதச் சொல்லிட்டு நீட்டு."

பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். மீதிப் பேர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "பீலிக்கரையில தண்ணி புடிக்கும்போது விழுந்துருச்சு அக்கா" என்று முனகுவார்கள். அதற்குப் பிறகுதான் அவருடைய கை நீளும்.

ஹட்டன் கடைவீதியில் வாளியும் குடையும் பள்ளிக்கூடப் பைகளும் விற்கிற நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர் ஒருவரின் கடை. அதன் மூலையில் ஒரு சின்ன மேசை, ஒரு விளக்கு, ஒரு சோல்டரிங் கோல். அதுதான் அக்காவின் இடம். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர். பதினெட்டு வயதில் கட்டுநாயக்கவுக்குப் போய், மின்னணுப் பலகைகளுக்கு ஈயம் வைக்கும் தொழிற்சாலை ஒன்றில் பதினொரு வருடம் வேலை செய்தவர். அம்மாவுக்கு முடியாமல் போனதும் திரும்பி வந்தார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று நான் கேட்டதில்லை. கேட்டவர்களுக்குக் கிடைத்த பதிலைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

"இப்படி ஏசுறாங்களே, உங்க யாவாரம் கெட்டுப்போகாதா?" என்று நானாவிடம் ஒருநாள் கேட்டேன்.

"ஏசினா ஏசட்டும் தம்பி" என்றார் நானா. "அவட கையால போன போன் ஒண்டும் திரும்பி வந்தது இல்ல."

அக்கா வாயில் அடிக்கடி வரும் ஒரு பேச்சு உண்டு. "கோளாறுன்னா அதுக்கு ஒரு எடம் இருக்கும். எடத்தச் சொல்லு." கைபேசிக்கும் இதைத்தான் சொல்வார், மனிதர்களுக்கும் இதைத்தான் சொல்வார். 'ஏதோ', 'அப்படித்தான்', 'நேரம் சரியில்லை' என்ற சொற்களைக் கேட்டாலே அவருக்கு முகம் சிவக்கும். இதை எழுதும்போது எனக்கும் சிவக்கிறது. நீண்ட நாள் அந்தக் கோபம் அவர்மேல்தான் இருந்தது.

அவருடைய அம்மா ஒருமுறை கொழுந்துக் கூடையோடு படியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. தோட்டத்து ஆபிசில் 'கவனக்குறைவு' என்று எழுதிவிட்டார்கள். மறுநாள் விடியற்காலை அக்கா பெரட்டுக் களத்துக்கே போய்விட்டார். அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த வெளிக்கள உத்தியோகத்தரை, எங்கள் பேச்சில் கண்டாக்கு ஐயாவை, எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தினார்.

"எங்கம்மா எந்தப் படியில விழுந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா ஐயா?"

"படியிலதான விழுந்துச்சு. எந்தப் படியா இருந்தா என்ன?"

"நாப்பத்திரண்டு படி இருக்கு. மேலேர்ந்து பதினேழாவது படி. மூணு வருசமா ஓரம் ஒடஞ்சு கெடக்கு. வாங்க, காட்டுறேன். பாத்துட்டு அப்புறம் எழுதுங்க, யாரோட கவனம் கொறஞ்சதுன்னு."

அவர் வரவில்லை. அக்கா அந்த உடைந்த கல்லைத் தூக்கிக்கொண்டு போய் ஆபிஸ் மேசைமேல் வைத்தார். எழுதியது மாறியது. கண்டாக்கு ஐயா அதை மறக்கவில்லை என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

நான் ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா, எல்லாம் எடுப்பேன். பொழுதுபோக்காக ஆரம்பித்து, கொழும்பிலிருந்து உதிரிப் பாகங்களாக வரவழைத்து நானே ஒரு ட்ரோன் பூட்டினேன். கையால் ஓட்டினால் நன்றாகப் பறந்தது. ஓரிடத்தில் அசையாமல் நில் என்று விட்டால்தான் தொல்லை. மெதுவாக வட்டம் போட ஆரம்பிக்கும். வட்டம் பெரிதாகும். நான் பதறிப்போய்க் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கும்வரை பெரிதாகிக்கொண்டே போகும். ஈயம் வைக்கத் தெரிந்த ஆள் என்று அதை அக்காவிடம் கொண்டுபோனேன்.

"காத்து அக்கா. மலைக்காத்து. இழுத்துட்டுப் போயிருது. ஏதோ கோளாறு."

"காத்து ஒரு பக்கமாத்தான தள்ளும்? இது எப்புடிப் போகுது?"

"வட்டமா."

"வட்டமா வீசுற காத்த நீ எந்தத் தோட்டத்துல பாத்த?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. நானாவின் கடையிலிருந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் விஞ்ஞான பாடத்துக்கு வாங்குகிற சின்னத் திசைகாட்டி ஒன்றை எடுத்துவரச் சொன்னார். ட்ரோனின் விசிறிகளைக் கழற்ற வைத்தார். பற்றரியிலிருந்து உள்ளே போகும் தடித்த சிவப்புக் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டியை வைத்துவிட்டு, "இப்ப மோட்டர முடுக்கு" என்றார். முடுக்கினேன். வடக்கே பார்த்துக்கொண்டிருந்த முள் நடுங்கி, ஒருபக்கமாகத் திரும்பியது. நிறுத்தினேன். பழைய இடத்துக்கு வந்தது. மறுபடி முடுக்கினேன். மறுபடி திரும்பியது.

"ட்ரோனோட மூளை இந்தப் பலகைதான? அதுக்குள்ளயே ஒரு கொம்பஸ் வச்சிருக்கான். அதுக்குக் கீழயே இவ்வளவு கரண்டு ஓடுது. நீ மேல ஏத்த ஏத்த அதுக்கு வடக்கு எதுன்னு தெரியாமப் போகுது. தெரியாத தெசையில நேராக்கப் பாத்தா வட்டந்தான் போகும். பாத்துக்க. எடம் இதுதான்."

தனியாக ஒரு திசைகாட்டி வாங்கி, கம்பிகளை விட்டுத் தள்ளி உயரத்தில் வைத்து, பலகையோடு இணைக்க வேண்டும் என்றார். சரி என்றேன். செய்யவில்லை. கல்யாண வீட்டில் கையால் ஓட்டினால் போதும்தானே என்று விட்டுவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து அக்கா முதன்முறையாக என் ஸ்டூடியோ படி ஏறினார். செருப்பெல்லாம் சேறு.

"அந்தக் கொம்பஸப் போட்டியா?"

"இல்லக்கா. கையால ஓட்டினா போகுதுதானே…"

"போகுதுதானே!" என்று என்னைப்போலவே சொல்லிக் காட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு விசயத்தைச் சொன்னார்.

அவர்களுடைய லயத்துக்கு மேலே தேயிலை மலையில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. கையை விட்டால் முழங்கை வரை உள்ளே போகிறதாம். ஆபிசில் சொல்லிப் பத்தொன்பது நாளாகிவிட்டது. கண்டாக்கு ஐயா, "அது வெள்ளக்காரன் காலத்துல தண்ணி போக வெட்டின கான். மழைக்கு வாயத் தொறந்திருக்கு" என்று சொல்லிவிட்டார். அவரோ அவருக்கு மேலே இருந்த அதிகாரிகளோ ஒருவர்கூட ஏறிப் பார்க்கவில்லை. அக்கா தன் கைபேசியில் எடுத்த படங்களைக் காட்டினார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே இரண்டடிக்கு ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. கான் என்று சொன்னால் கான்தான்.

"மேலேர்ந்து எடுக்கணும். முழுக்கோடும் ஒரே படத்துல தெரியணும். ரெண்டு நாள் விட்டு அதே கோட்டுல திரும்பவும் பறந்து எடுத்தா, எவ்வளவு விரிஞ்சிருக்குன்னு காட்டலாம். கையால ஓட்டினா அதே எடத்துக்கு வராது. அது தானா நேராப் பறக்கணும். கொம்பஸ் வேணும்."

அன்றைக்கே வேலை ஆரம்பித்தது. திசைகாட்டி வந்தபோது சுண்டுவிரல் நகமளவுதான் இருந்தது. நான்கு மெல்லிய கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு செய்திக்கு. அதை உயர்த்தி வைக்க ஒரு தண்டு தேவைப்பட்டது. அக்கா நானாவின் கடையில் ஒடிந்த குடைகளை எல்லாம் எடுத்து, ஒவ்வொரு கம்பியிலும் காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டாத ஃபைபர் கம்பி ஒன்றை உருவினார். இரும்பு ஆணி ஒன்றுகூட வைக்கவில்லை. நைலோன் போல்ட்தான். திசைகாட்டியில் அச்சடித்திருந்த அம்பு ட்ரோனின் முன்பக்கத்தைப் பார்த்து இருக்கும்படி ஒட்டினார். கணினியில் பழைய திசைகாட்டியை அணைத்துவிட்டுப் புதியதைத் தேடினோம். இல்லை என்றது.

ஒரு முழு நாள் தேடினோம். சாயங்காலம் அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"செய்தி போற ரெண்டு கம்பியயும் மாத்தி ஒட்டிட்டேன். என் தப்பு. ஒரு நாள் போச்சு."

ஒரு கொப்பியை எடுத்து அதில் அதை எழுதினார். எதற்கு எழுதுகிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அடுத்து, திசைகாட்டியைப் பழக்க வேண்டும். ட்ரோனைக் கையில் தூக்கி, மேல் கீழ் பக்கவாட்டு என்று எல்லாப் பக்கமும் திருப்பிச் சுழற்ற, அது பூமியின் காந்தத்தை அளந்துகொள்ளும். அக்காவுக்கு அன்று அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. போகும்போது என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

"கிரவுண்டு நடுவுல வச்சுச் செய். தகரக் கூரை கிட்ட வேணாம். வேன் கிட்ட வேணாம். பாக்கெட்டுல போன் இருக்கக் கூடாது."

நான் கிரவுண்டுக்குத்தான் போனேன். தூறல் ஆரம்பித்தது. வேனின் பின்கதவைத் தூக்கிவிட்டு அதன் கீழே நின்று செய்தேன். முதல் தடவை கணினி ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாம் தடவையும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் செயலியில் ஒரு தெரிவு உண்டு: எவ்வளவு கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பதை நாமே தளர்த்திக்கொள்ளலாம். தளர்த்தினேன். மூன்றாம் தடவை பச்சைக் கோடு வந்தது.

"பச்சை வந்துச்சா?" என்று அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துக் கேட்டார்.

"வந்துச்சுக்கா" என்றேன்.

மறுநாள் காலை லயத்துக்குக் கீழே கோயிலடியில் நின்று பறக்கவிட்டோம். பறக்கவிடும் அனுமதி கல்யாண வேலைகளுக்காக என்னிடம் ஏற்கெனவே இருந்தது. ட்ரோன் அழகாக ஏறியது. மலையை நோக்கி நேராகப் போனது. கொஞ்ச தூரம் போனதும் தலையை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோல அந்தப் பக்கமாகவே வேகமெடுத்தது. நான் கையில் எடுப்பதற்குள் டர்பன்டைன் மரக்கூட்டத்துக்குள் போய் அடித்து விழுந்தது. ஒரு கை ஒடிந்து இரண்டு மோட்டர்கள் போயின.

அக்கா உடனே கத்தவில்லை. ஸ்டூடியோவுக்கு வந்து, கணினியைத் திறந்து, திசைகாட்டியைப் பழக்கியபோது பதிவான எண்களைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"எங்க வச்சு செஞ்ச?"

"கிரவுண்டுலதான்."

"வேன் எங்க நின்னுச்சு?"

நான் ஒடிந்த விசிறி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"வேன் எங்கடா நின்னுச்சு?"

"பக்கத்துல. மழை பேஞ்சுச்சுக்கா…"

"நனைஞ்சா கரைஞ்சு போயிருவியா? அந்த லயத்துல பன்னெண்டு குடும்பம் ஒவ்வொரு ராத்திரியும் கண்ண மூடாமக் கெடக்குது. நீ அஞ்சு நிமிசம் நனைய மாட்ட!"

அவ்வளவு சத்தமாக அதுவரை யாரும் என்னை ஏசியதில்லை. கீழ்க் கடைக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்தார். என் மனைவி தேத்தண்ணியோடு கதவடியில் அப்படியே நின்றுவிட்டாள்.

பாகங்கள் கொழும்பிலிருந்து வந்து, மறுபடி பூட்டி முடிக்க ஒன்பது நாளாயிற்று. இந்த முறை திசைகாட்டியை அக்காவே பழக்கினார். நல்ல மழைத் தூறல். கிரவுண்டின் நட்டநடுவில் போய் நின்றார். வளையலைக் கழற்றினார். தலையிலிருந்த ஊசிகளைக்கூட எடுத்து, நனைந்த கூந்தல் முதுகில் விழ, ட்ரோனை இரண்டு கையாலும் ஏந்தி மெல்ல மெல்லத் திருப்பினார். பச்சிளம் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவர்கள் அப்படித்தான் திருப்புவார்கள். கண்டிப்பைத் தளர்த்தவில்லை. முதல் தடவையிலேயே ஒப்புக்கொண்டது. நான் தூரத்தில் வேனோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் குடை பிடிக்கக்கூட நான் போக முடியாது. குடையில் இரும்புக் கம்பி.

ஞாயிற்றுக்கிழமை பறந்தது. நூல் பிடித்ததுபோல நேராகப் போய், மலைமேல் ஏழு கோடு போட்டுத் திரும்பி வந்து, புறப்பட்ட இடத்திலேயே இறங்கியது. படங்களைச் சேர்த்துத் திரையில் விரித்தபோது அக்கா விரலை வைத்து அந்தக் கோட்டைத் தொடர்ந்துகொண்டே போனார். வெடிப்பு வில்லாக வளைந்திருந்தது. இரண்டு நுனியும் கீழே இறங்கி, லயத்தை இரண்டு பக்கமும் கட்டிப்பிடித்ததுபோல நின்றன. எந்தக் கானும் அப்படி வெட்டப்படாது.

இரண்டாம் தடவை பறக்க அக்கா காத்திருக்கவில்லை. மண்சரிவுகளை ஆராயும் அலுவலகத்துக்கு அன்றைக்கே படங்களை அனுப்பினோம். திங்கட்கிழமை காலையில் அங்கிருந்து ஓர் இளம் அதிகாரி அழைத்தார். சிங்களத்தில் பேசினார். கட்டுநாயக்க வருடங்கள் அக்காவுக்குச் சிங்களத்தைச் சரளமாக்கியிருந்தன. வியாழக்கிழமை நேரில் வந்து, ஆட்களை வெளியேற்றும் கடிதம் தருவதாகச் சொன்னாராம். அதுவரை யாரும் இரவில் அங்கே படுக்க வேண்டாம் என்றாராம். அதற்கு முன்னால் வரவே முடியாதா என்று அக்கா கேட்டிருக்கிறார். அந்த வாரம் அவர் கையில் இன்னும் நான்கு மலைகள் இருந்தனவாம்.

அக்கா கொடுத்த சத்தத்தில் லயத்து ஆட்கள் அன்றிரவு கோயில் மண்டபத்தில் படுத்தார்கள். கடிதம் இல்லாததால் பகலில் ஆபிஸ் அவர்களுக்கு வேறு இடம் ஒதுக்கவில்லை. விடிந்ததும் அடுப்பு அங்கேதானே, போய்விட்டார்கள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு மலை இறங்கியது. பெண்கள் எதிர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு இன்னும் வந்து சேரவில்லை. அக்காவின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். லயத்தின் கடைசிக் காம்பராவில் குடியிருந்த ஓர் அம்மா மட்டும் மகள் வேலை முடிந்து வருவதற்குள் சோறாக்கி வைக்க வீட்டுக்குப் போயிருந்தார். எதிர் மலையில் கூடையோடு நின்ற மகள் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்.

மூன்று வாரம் கழித்து விசாரணை வைத்தார்கள். மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். சுவரோரமாகக் கண்டாக்கு ஐயா. அதிகாரியின் தாளில் முதல் வரி ஏற்கெனவே எழுதியிருந்தது: கடும் மழை காரணமாக.

அக்கா எழுந்து கொப்பியைத் திறந்தார். சிங்களம் தெரிந்தும், வந்திருந்த லயத்து ஆட்களுக்கும் விளங்கட்டும் என்று தமிழிலேயே பேசினார்.

"பத்தொம்பது நாளு, நாங்க சொல்லியும் யாரும் மலையேறிப் பாக்கல."

மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொன்னார். அக்கா மேசையில் கையை ஓங்கி அடித்தார்.

"ஏற முடியலன்னு சொல்லுறீங்க! நான் முடியலன்னு சொன்னேனா? ஏறலன்னு சொன்னேன். திரும்பச் சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் திருத்திச் சொன்னார். அதிகாரி முதல் தடவையாகப் பேனாவை எடுத்தார்.

"அப்புறம் ஒரு நாளு. நான் ரெண்டு கம்பிய மாத்தி ஒட்டிட்டேன். அது என் தப்பு, எழுதிக்குங்க. அப்புறம் ஒன்பது நாளு." அவர் கை என் பக்கம் நீண்டது. "இவரு கொம்பஸ வேன் பக்கத்துல வச்சுப் பழக்கிட்டாரு. கம்பியூட்டர் ஒத்துக்கலன்னதும் அதோட கண்டிப்பக் கொறச்சு ஒத்துக்க வச்சாரு. அதனால ட்ரோன் ஒடஞ்சுச்சு. ஒன்பது நாளைக்கு முந்தி அந்தப் படம் போயிருந்தா கடிதம் வந்திருக்கும்."

அறையிலிருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இறந்துபோன அம்மாவின் மகள் கதவடியில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவரும் பார்த்தார். அந்த நிமிடம் அக்காமேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கூலி இல்லாமல் வேலை செய்து கொடுத்தவனைக் கொலைகாரன்போல நிறுத்துகிறாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

அதிகாரி என்னிடம் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "அந்த ஒன்பது நாள் தாமதத்துக்கு என்ன காரணம்னு சேர் கேக்குறாரு."

"மழை சேர்" என்றேன். "அந்த நாள்ல ஒரே மழை."

அதிகாரி தலையசைத்து எழுதினார். சீரற்ற காலநிலை. கண்டாக்கு ஐயா சுவரிலிருந்து நகர்ந்து முன்னால் வந்தார். "அதத்தான் சேர் நாங்களும் சொல்றோம். இவங்க ஆளே சொல்லிட்டாரு. அந்த மழையில மலையேற யாராலதான் முடியும்?" பத்தொன்பது நாளும் அந்த ஒரு வரிக்குள்ளேயே போய்விட்டது. அக்கா கையெழுத்துப் போட மறுத்தார். அவருடைய கையெழுத்து இல்லாமலேயே அறிக்கை போயிற்று.

வெளியே படியில் அக்கா என்னை நிறுத்தினார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். குரல் உயரவே இல்லை.

"நீ உள்ளதச் சொல்லியிருந்தா, ஒன்னோட ஒன்பது நாள எழுதுற அதே பேனாவால அந்தப் பத்தொம்பது நாளையும் எழுதியிருக்கணும். என் ஒரு நாளையும் சேத்துத்தான் சொன்னேன், கேட்டியா? மண்ணு மூடினது பத்தாதுன்னு அந்தம்மா மேல நீ மழையப் போட்டு மூடிட்ட."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் அவரைத் திட்டித் தீர்த்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அந்த ஒன்பது நாளு பொய்யா?" என்றாள். சாப்பிடாமல் எழுந்துபோனேன்.

அக்கா அந்த மாதமே மூலை மேசையைக் காலிசெய்துவிட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டதாக நானா சொன்னார். அவருடைய முகமும் என்னைக் கண்டதும் பழையபடி மலரவில்லை.

நான் நன்றாகத்தான் இருந்தேன். அதுதான் இப்போது எரிச்சலாக இருக்கிறது. கண்டாக்கு ஐயா வீட்டுக் கல்யாணத்துக்கு என்னையே படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். சாப்பாட்டுப் பந்தியில் அவர் என் தோளில் கையைப் போட்டு, சம்பந்தி வீட்டாருக்கு அறிமுகம் செய்தார். "இவர்தான். அன்னைக்கு ஆபிசர் முன்னாடி தெளிவா மழைன்னு சொன்ன ஆளு." சொல்லிவிட்டு என் இலையில் இன்னொரு கோழித்துண்டு வைக்கச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை சோற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது. அன்றைக்கு ட்ரோனைப் பையிலிருந்து எடுக்கவில்லை. ஏன் பறக்கவிடவில்லை என்று கேட்டார்கள். எனக்கு மனமில்லை என்றேன். காற்று என்று சொல்லாமல் விட்டதுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம்.

அந்த வாரமே மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். வேன் நின்ற இடம், தளர்த்திய தெரிவு, ஒன்பது நாள், எல்லாம். இரண்டு வரியில் பதில் வந்தது. கோப்பு மூடப்பட்டுவிட்டதாம்.

பிறகு லயத்து ஆட்களைக் குடிவைத்திருந்த தற்காலிகக் கொட்டில்களுக்குப் போனேன். இறந்துபோன அம்மாவின் மகள் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த தண்ணீர் ஜொக்கைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கம்மா பிடிவாதக்காரிங்க. ஒன்பது நாளைக்கு முந்தி கடிதம் வந்திருந்தாலும் போயிருப்பாங்களோ என்னமோ. போயிருப்பாங்கன்னு நான் நெனச்சுக்கவா, போயிருக்க மாட்டாங்கன்னு நெனச்சுக்கவா? எத நெனச்சா எனக்குத் தூக்கம் வரும்? நீங்களே சொல்லுங்க."

அவர் காத்திருந்தார். உண்மையிலேயே பதிலுக்காகக் காத்திருந்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

நானாவிடம் கெஞ்சி அக்காவின் இலக்கத்தை வாங்கினேன். மூன்றாம் தடவைதான் எடுத்தார். பின்னால் கொழும்பு வாகனங்களின் இரைச்சல். என் பெயரைச் சொன்னேன். அவர் வைத்துவிடவில்லை. கடிதம் எழுதியதைச் சொன்னேன். அந்த மகளிடம் போனதைச் சொன்னேன். அவர் கேட்ட கேள்வியையும் சொன்னேன். இனி, நடந்தது முழுவதையும் எழுதி வைக்கப்போகிறேன் என்றேன்.

"விசாரண முடிஞ்சு எத்தன மாசம் ஆச்சு?" என்றார்.

"ஏழு மாசம் அக்கா."

"அந்த ஏழு மாசத்தையும் சேத்து எழுது" என்றார். வைத்துவிட்டார்.